செருப்பைக் கழற்றாதீர்கள்

பட்டணத்திலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் இறங்கி, உப்புக்காற்றில் எழுத்து உதிர்ந்துபோன பெயர்ப்பலகையைத் தாண்டி நடந்தால் கரிச்சான்குப்பம் வரும். சத்தமில்லாத ஊர். அந்த அமைதிக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் காரிலும் பைக்கிலும் வந்து இறங்குகிறவர்களின் காதில் முதலில் விழுவது அலைச் சத்தம் அல்ல, "செருப்பக் கழட்டாதீங்க" என்கிற குரல்தான். வலை பிரிக்கிறவர் சொல்வார், கருவாடு காயவைக்கிறவள் சொல்வாள், இட்லிக்கடைக்காரி தட்டை நீட்டிக்கொண்டே சொல்வாள். ஏன் என்று கேட்டால் மீன்முள் கிடக்கிறது என்பார் ஒருவர், கண்ணாடிச் சில் என்பார் இன்னொருவர், மூன்றாமவர் வானத்தைப் பார்த்து யோசித்துவிட்டு பாம்பு என்பார். ஆளுக்கொரு காரணம் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இந்த ஊரில் மண்ணுக்கடியில் என்னவோ புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, காலை நனைக்காமல், அரைமனதாகப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். ஒருமுறை யாரோ எழுதிப்போட்ட மொட்டைக் கடிதத்தை நம்பி போலீஸ்கூட வந்து நாலு இடத்தில் தோண்டி, துருப்பிடித்த நங்கூரம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனது.

மண்ணுக்கடியில் ஒன்றும் இல்லை. விஷயமெல்லாம் மண்ணுக்கு மேலேதான். அந்தக் கரையில் வெறுங்காலோடு வைத்த அடியை அலை அழிப்பதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மகத்துக்குச் சாமியைக் கடலுக்குக் கொண்டுவந்து தீர்த்தவாரி முடித்துத் திரும்பிய மறுநாள் காலையில் அது தொடங்கியது. ஊரே நடந்த கரையில் ஊரின் அடிகள் அத்தனையும் அப்படியே கிடந்தன, அலை வந்து மூடிப் போன பிறகும் கிடந்தன, அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் கிடந்தன. குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், துடைப்பத்தால் பெருக்கிப் பார்த்தார்கள், மண்ணை வாரிக் கொட்டிப் பார்த்தார்கள், விடிந்தால் கொட்டிய மண்ணின் மேலேயே அடி எழுந்து நின்றது. ஒரு மாதம் வரைக்கும் ஏன் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு, எங்கே நடப்பது என்றுதான் கேட்டார்கள். அடுத்தவன் அடியை மிதிக்கக் கூடாது என்று அவரவர் பழைய அடியிலேயே திரும்பத் திரும்பக் கால் வைத்து நடக்கப் பழகினார்கள். படகு எஞ்சின் திருடுகிறவர்கள் அந்த வருஷமே தொழிலை விட்டார்கள். வலை சீராக்கப் போனேன் என்று சொன்ன புருஷன் உண்மையில் எந்தப் பக்கம் போனான் என்று பெண்டாட்டி வாசலில் நின்றபடியே படித்தாள். காதலிக்கிறவர்கள் மட்டும் முழங்கால் அளவு தண்ணீரிலேயே நடந்து நடந்து வருஷம் பூராவும் ஜலதோஷத்தோடு திரிந்தார்கள்.

அந்த ஆடி மாதம் ஊர்ப் பெரியவர் சின்னப்பொன்னு நாட்டார் படுக்கையில் உயிரை விட்ட நேரத்தில், கரை நெடுகக் கிடந்த அவருடைய அடிகளில் தண்ணீர் ஊறி நிறைந்து, அடுத்த அலையில் அவை ஒன்றுகூட மிச்சமில்லாமல் போயின. உயிரோடு இருக்கிறவர் அடிதான் நிற்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. படகைத் தள்ளுகிறதற்கு முன்னால் ஒவ்வொருவனும் வலது காலை மண்ணில் அழுத்தி ஊன்றிவிட்டுத்தான் ஏறுவான், அவன் வீட்டுப் பெண் அதன் மேல் ஒரு மீன்கூடையைக் கவிழ்த்து வைப்பாள். படகு வர நேரமானால் மற்ற ஊர்ப் பெண்கள் கடலைப் பார்த்து நிற்பார்கள். கரிச்சான்குப்பத்துப் பெண்கள் கூடையைத் தூக்கி மண்ணைப் பார்த்துவிட்டு, அடி இருந்தால் வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள்.

வெளியூர்க்காரர்களுக்குச் செருப்புச் சட்டம் வந்ததற்கும் கதை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பிள்ளைகள் நாற்பது பேர் வந்து வெறுங்காலோடு கபடி ஆடிவிட்டுப் போனார்கள். அழகான அடிகள், ஊர் அவற்றைத் தொந்தரவாக நினைக்கவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அந்த நாற்பது பேரில் ஒருவனுடைய அடிகளில் தண்ணீர் ஊறியது. யார் பிள்ளை, என்ன பெயர், பஸ்ஸா பைக்கா காய்ச்சலா, எதுவும் தெரியாது. தெரியாத பிள்ளைக்காக ஊர் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை, படகு இறக்கவில்லை, பெண்கள் பெயர் சொல்லி அழ முடியாமல் தம்பி தம்பி என்று அழுதார்கள். மறுநாள் பஞ்சாயத்துக் கூடி, பட்டணம் முழுவதற்கும் துக்கம் காக்க ஒரு குப்பத்தால் ஆகாது, இனிமேல் வெளியாள் யாரும் இங்கே வெறுங்கால் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தது. காரணத்தை வெளியே சொன்னால் பட்டணமே கேமராவோடு வந்து இறங்கிவிடும் என்பதால், ஆளுக்கொரு பொய்யைத் தயார் செய்துகொண்டார்கள்.

இந்த ஊரில்தான் அஞ்சலாட்சி ஏழு வருஷமாகப் பெண்டாட்டியாகவும் இல்லாமல் விதவையாகவும் இல்லாமல் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் தேசிங்கும், பக்கத்து வீட்டு ஏகாம்பரமும், ஏகாம்பரத்தின் தம்பி தில்லியும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். எந்தப் பக்கம் வலை விடுவது என்று முந்தின நாள் கரையில் வைத்தே தேசிங்குக்கும் ஏகாம்பரத்துக்கும் வாய்த்தகராறு வந்து, கை ஓங்குகிற வரைக்கும் போனதை ஊரே பார்த்தது. மறுநாள் காற்று திரும்பியது, படகு வரவில்லை. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ஏகாம்பரத்தின் பெண்டாட்டி பூங்காவனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் புருஷன் அடியில் தண்ணீர் நிறைந்தது, அவள் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் அடியிலும் நிறைந்தது. மூன்றாவது கூடையைத் தூக்கினார்கள். தேசிங்கின் அடி காய்ந்து, கெட்டியாக, அப்போதுதான் வைத்ததைப் போல இருந்தது.

முதலில் எல்லோரும் அஞ்சலாட்சியைக் கட்டிக்கொண்டு, உன் தாலி கெட்டி என்றார்கள். ஒரு வாரம் போனது, மாதம் போனது, கவிழ்ந்த படகு வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது, தேசிங்கு வரவில்லை. உயிரோடு இருக்கிறவன் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்கிற கேள்வி வாசல் வாசலாக நடந்து கடைசியில் அஞ்சலாட்சி வாசலில் வந்து உட்கார்ந்தது. அடித்துக் கடலில் தள்ளிவிட்டு ஓடியிருப்பான் என்றார்கள், இவளுக்கு எல்லாம் தெரியும் என்றார்கள், இவள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள் என்றுகூடச் சொன்னார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் மூவரும் போய்விட்டார்கள் என்று சேர்ந்து அழுதிருப்பார்கள். இங்கே மண் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பூங்காவனம் அவளைக் கங்கையம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் கற்பூரத்தை அடிக்கவைத்தாள். தேசிங்கைப் பற்றித் துப்பு கிடைத்தாலும் மறைக்க மாட்டேன், அவனைக் கொண்டுவந்து ஊர் முன்னால் பதில் சொல்லவைப்பேன் என்று அஞ்சலாட்சி சத்தியம் செய்தாள். அதுவரைக்கும் அவளை நல்லது கெட்டதுக்கு அழைப்பதில்லை என்று ஊர் வைத்துக்கொண்டது. ஏழு வருஷமாகத் தினமும் காலையில் அஞ்சலாட்சியும் சாயங்காலத்தில் பூங்காவனமும் அந்தக் கூடையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தி, எங்கேயோ இருக்கட்டும் என்று பார்த்தாள். இன்னொருத்தி, செத்துத் தப்பித்துவிடக் கூடாதே என்று பார்த்தாள். வலது கால், பெருவிரல் மேல் இரண்டாம் விரல் ஏறிப் படுத்திருக்கும். குதிகால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து அழுந்தியிருக்கும். அவன் முகம்கூட இருவருக்கும் மங்க ஆரம்பித்திருந்தது, கால் மறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், கையில் ஐந்து வயதுப் பெண்குழந்தை, தோளில் ரெக்ஸின் பை. அவளைப் பார்த்ததும் அஞ்சலாட்சிக்குப் பிடிக்கவில்லை. சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், ஆண்துணையோடு வருவார்கள், வந்ததும் போட்டோ எடுப்பார்கள். வேலை நாளில் வந்து எதையும் வாங்காமல் கடலையே பார்க்கிறவர்களைக் கரிச்சான்குப்பம் அறியும். போன முறை அப்படித்தான் மரியாதையான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்து அரைநாள் கடலைப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஆறே மாதத்தில் தெற்குப் பக்கத்துச் சவுக்குத் தோப்பைச் சுற்றி மதில் எழும்பியது. இவளும் நிலம் அளக்க வந்தவள்தான் என்று அஞ்சலாட்சி கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே முடிவு கட்டினாள்.

அந்தப் பெண் நேராக அவளிடம் வந்து, பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தாள். பெயர் வனஜா, அம்பத்தூரில் தையல் கம்பெனியில் வேலை என்றாள். இந்த ஊரில் எத்தனை வீடு, எல்லோரும் கடல்தொழிலா, ஊரைவிட்டுப் போனவர்கள் யாராவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அஞ்சலாட்சி ஒவ்வொன்றுக்கும் தெரியாது என்றாள். எத்தனை வீடு என்பதற்கும் தெரியாது என்று சொன்னபோது வனஜா லேசாகச் சிரித்தாள். இவள் எதையோ மறைக்கிறாள் என்று அவளும் நினைத்திருக்க வேண்டும். இப்படி இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் நம்பாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தை ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடியது.

"பாப்பா, செருப்பு" என்று அஞ்சலாட்சி எழுந்து ஓடினாள். அதற்குள் ஆறு அடி, ஏழு அடி. அலை வந்து குழந்தையின் கணுக்காலை நனைத்துத் திரும்பியது, அடிகள் நின்றன. அஞ்சலாட்சி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். சின்னக் கால். வலது காலில் பெருவிரல் மேல் இரண்டாம் விரல் ஏறிப் படுத்திருந்தது. குதிகால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து அழுந்தியிருந்தது.

கையில் கிடைத்த கருவாட்டுக்கூடையைக் கொட்டிக் கவிழ்த்து அந்த அடியை மூடினாள். மற்றவற்றைக் காலால் மண்ணைத் தள்ளி மறைத்தாள், விடிந்தால் எழுந்துவிடும் என்று தெரிந்தும் தள்ளினாள். ஏழு வருஷம் அவள் கூடையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பிள்ளை பெற்று ஷூ வாங்கிப் போட்டிருக்கிறான். இந்த அடி அழிஞ்சு போகட்டும் என்று மனசில் ஒரு வார்த்தை வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே அவள் பதறிப்போய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். வேறு ஊரில் அது வெறும் கோபம், இந்த ஊரில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். இடுப்பில் இருந்த குழந்தை அவள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

குழந்தையை இறக்கி ஷூவை மாட்டிவிட்டு, உன் புருஷன் பேரென்ன என்று வனஜாவைக் கேட்டாள். மணி என்றாள் வனஜா. தண்ணி லாரி ஓட்டுகிறான், சேலத்துக்காரன், தாய் தகப்பன் இல்லாதவன், கடலையே பார்த்ததில்லை என்று சொல்வான். ஆனால் சாயங்காலக் காற்றை மோந்துவிட்டு நாளைக்கு மழை என்பான், மழை வரும். துணி காயப்போடுகிற கயிற்றில் அவன் போடும் முடிச்சை அவிழ்க்க அந்தத் தெருவில் ஆள் இல்லை. குழந்தை எவ்வளவு கெஞ்சினாலும் மெரினாவுக்குக் கூட்டிப்போனதில்லை, வீட்டுக்குள்ளேயும் செருப்போடுதான் நடப்பான். போன மாதம் காய்ச்சலில் கிடந்த ஒரு மத்தியானம் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னான், கூடவே வேறு என்னவோ சொன்னான். ஆறு வருஷமாக யாரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் லீவு போட்டுவிட்டு வந்தேன் என்றாள். சொல்லிவிட்டு அஞ்சலாட்சியின் முகத்தையே பார்த்தாள்.

"அவருக்கு இங்க யாருனா இருக்காங்களாக்கா?"

இந்தக் கேள்விக்கு என்றைக்காவது பதில் சொல்ல வேண்டிவந்தால் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டுதான் சொல்வேன் என்று அஞ்சலாட்சி நினைத்திருந்தாள். இப்போது அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"நாந்தாம்மா இருக்கேன். அவன் பேரு மணி இல்ல, தேசிங்கு" என்றாள்.

வனஜா அழவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். காய்ச்சலில் வேறு என்ன சொன்னான் என்று அஞ்சலாட்சி கேட்க வாயெடுத்தபோது பின்னால் நிழல் விழுந்தது. பூங்காவனம் வந்து நின்றுகொண்டிருந்தாள். கோயிலில் சத்தியம் வாங்கிய பிறகு அவள் அஞ்சலாட்சியிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அந்தக் கூடைக்குக் கீழ இன்னாடி?"

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் அஞ்சலாட்சி, ஒன்றும் இல்லை, நண்டு என்று சொல்லியிருக்கலாம், வனஜாவை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கலாம், குழந்தைக்கு அப்பன் மிஞ்சியிருப்பான். ஆனால் இன்றைக்கு நண்டு என்று சொன்னாலும் நாளைக்கும் அந்த அடி இருக்கும், அந்தக் குழந்தை வளர்ந்து கிழவியாகும் வரைக்கும் இருக்கும், இருக்கவும் வேண்டும். கூடையைத் தூக்கினாள்.

பூங்காவனம் குனிந்து பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தாள், வனஜாவைப் பார்த்தாள், பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுக்கா, நானும் இப்பத்தான் கேக்கப்போறேன். ரெண்டு பேரும் சேந்தே கேப்போம்" என்று அஞ்சலாட்சி சொல்லி, காய்ச்சலில் சொன்னதைச் சொல்லும்படி வனஜாவிடம் கேட்டாள்.

வனஜாவுக்கு இந்த இரண்டாவது பெண் யார் என்று தெரியாது. அதனால் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். "'ஏகாம்பரண்ணா, கைய வுடு, கைய வுடுண்ணா'ன்னு சொன்னாரு. திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னாரு."

பூங்காவனம் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். வனஜா சொன்னாள். பூங்காவனத்தின் உதடு மட்டும் கூடவே அசைந்தது. கொன்றிருப்பான், தள்ளியிருப்பான் என்று ஏழு வருஷம் அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சிகளில் இந்தக் கை இருந்ததில்லை. தன் புருஷன் கடைசியில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது, அதே சமயத்தில் அவன் தனியாக இல்லை என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக அவள் வெட்கப்பட்டு முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பிடிச்சிகினு இருந்தது எங்க வூட்டுக்காரு. அவரு லேசுல வுடுற ஆளு இல்ல" என்றாள். "வுட்டது யாருன்னு அவன் வாயால கேக்கணும் எனக்கு."

இதைத் தான் கேட்டால் அவர் சொல்ல மாட்டார், நீங்களே கேளுங்கள் என்று வனஜா சொன்னாள். பையிலிருந்து போனை எடுத்து, தன் நம்பரிலிருந்து போட்டால்தான் எடுப்பார் என்று சொல்லி அழைத்து, ஸ்பீக்கரில் வைத்து, இரண்டு பெண்களுக்கும் நடுவில் நீட்டினாள். நாலாவது ரிங்கில் எடுத்தான். பின்னால் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுச் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டான்.

ஒரு அலை வந்து உடைந்தது, அடுத்ததும் உடைந்தது. அந்தப் பக்கத்தில் எஞ்சின் நின்றது.

"பக்கத்துல யாரு?" என்றான்.

"நாந்தான்" என்றாள் அஞ்சலாட்சி.

பிறகு, வனஜா ஆறு வருஷத்தில் ஒருநாளும் கேட்டிராத ஒரு பேச்சில், சேலத்துக்காரன் யாரும் பேசாத பேச்சில், அவன் கேட்டான்: "என் அடி இன்னும் அங்கதான் இக்குதா, அஞ்சலை?"

ஏழு வருஷம் அவளும் தூங்கவில்லை, அவனும் தூங்கவில்லை என்று அந்தக் கேள்வியில் அவளுக்குப் புரிந்தது. ஓடிப்போனவனுக்கும் தன் அடி தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வரவில்லை. கோபம் அப்போதுதான் அவளுக்கு முழுசாக வந்தது.

"இக்குது. இப்ப உம் பொண்ணுதும் இக்குது" என்று சொல்லிவிட்டு அவள் போனைப் பூங்காவனத்தின் பக்கம் தள்ளினாள்.

பூங்காவனம் போனைக் கையில் வாங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுகிற குரலில் கேட்டாள். "தேசிங்கு, கைய வுட்டது யாரு?"

மூன்று பெண்களும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை அப்பா என்றது.

"நேர்ல வந்து சொல்றேன் அண்ணி. இப்பவே கிளம்பி வரேன்" என்றான்.

அம்பத்தூரிலிருந்து லாரியைப் போட்டுவிட்டு பஸ் பிடித்து வருவதென்றால் மூன்று மணி நேரம் ஆகும். வருகிறேன் என்றதை அஞ்சலாட்சி நம்பவில்லை. வனஜாவும் நம்பவில்லை, பூங்காவனத்தைக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் மூன்று பேரும் எழுந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, பஸ் வருகிற ரோட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள்.